மூடாத கதவும் நான்காவது மூலையும்

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுக் கதவுகளை ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். ஒன்றாவது சரியாக மூடாமல் இருக்கும். ஒரு கதவு தரையில் உராயும். இன்னொன்று மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு, தோளால் இடித்தால்தான் மூடும். மற்றொன்றில் மேல்மூலை நிலையைத் தொட்டு நின்றுவிடும்; கீழ்மூலையோ விரற்கனம் விலகி நிற்கும். எவ்வளவு தள்ளினாலும், கையை எடுத்ததும் கீழ்மூலை பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இந்த மூன்றாவது வகைக் கதவு ஒன்றை நானே என் கையால் செய்தேன். ஊரில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது, நெல் கொட்டி வைத்த பத்தாயத்தின் தேக்குப் பலகைகள் சில மிஞ்சின. அவற்றை விற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. குளியலறைக்குக் கதவு தேவைப்பட்டது. கோடை விடுமுறையில் நானே இழைத்து, ஐந்து பலகைகளை நெருக்கி நிறுத்தி, குறுக்குச் சட்டங்களை அடித்துக் கதவை மாட்டிவிட்டேன். உயரம் 180 செ.மீ., அகலம் 75 செ.மீ., எடை சுமார் 24 கிலோ. நிலையில் முறையாகக் காடி எடுக்க எனக்குத் தெரியாது. ஆகவே கதவு வந்து முட்டி நிற்பதற்கு நிலையைச் சுற்றி ரீப்பர்களை ஆணியடித்து வைத்தேன். சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி விட்டேன். அது போதும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியது. கதவு நிலையில் உராய ஆரம்பித்தது. அதோடு கீழ்மூலை படியாமல் நின்றது. தாழ்ப்பாள் அதன் துளைக்கு நேரே வரவில்லை. அம்மா குறை சொல்லவில்லை. குளிக்கப் போகும்போது வாளியில் தண்ணீரை நிரப்பி, உள்ளே கதவோடு ஒட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கினார். அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது ஆண்டுகளாக இயற்பியல் சொல்லித்தருபவனின் வீட்டில் ஒரு கதவை வாளிதான் தாங்கிப் பிடிக்க வேண்டுமா?

அந்தக் கதவைச் சரிசெய்யும்போது நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கும் பத்தாம் வகுப்பு இயற்பியலும் போதும்.

வெப்பமா, ஈரமா?

முதலில் உராய்வை எடுத்துக்கொள்வோம். பொருள்கள் சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் கதவு எப்போது இறுக வேண்டும்? சித்திரை வெயிலில் அல்லவா? ஆனால் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. வெயிலில் தளர்ந்திருக்கும் கதவு, குளிர்ந்த மழைக்காலத்தில்தான் இறுகுகிறது. ஆகவே இதன் காரணம் வெப்பம் அல்ல.

கணக்கும் அதையே சொல்கிறது. மரத்தின் குறுக்கே ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏற்படும் வெப்ப விரிவு, அதன் அகலத்தில் லட்சத்தில் மூன்று பங்கு அளவுதான். 75 செ.மீ. அகலக் கதவு 10 டிகிரி சூடேறினால், கால் மில்லிமீட்டர்கூட விரியாது.

உண்மைக் காரணம் ஈரம். மரம் என்பது நுண்ணிய குழல்களின் கட்டு. அக்குழல்களின் சுவர்களில் செல்லுலோஸ் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகப் பெரும்பாலும் மரத்தின் நெடுக்கில் அமைந்துள்ளன. காற்றிலுள்ள நீராவி இச்சங்கிலிகளின் இடையே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறது. ஆகவே மரம் அகலத்தில் பருக்கிறது. சங்கிலியின் நீளம் மாறாததால், மரத்தின் நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது, மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 9 சதவீத நீரை வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக உயர்ந்து பல வாரங்கள் நீடித்தால், மரத்திலுள்ள நீர் 16 சதவீதத்தை நெருங்கும்.

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் பருப்பதில்லை. பச்சைத் தேக்கு முற்றிலும் காயும்போது, ஆண்டு வளையங்களின் போக்கிலேயே அளந்தால் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்கே, அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி அளந்தால், சுமார் 2.5 சதவீதம் சுருங்கும். நீளவாக்கில் 0.2 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. மரத்தின் ஈரம் 4 சதவீதப் புள்ளிகள் கூடினால் என் கதவு எவ்வளவு பருக்கும்? பலகையை அறுத்த விதத்தைப் பொறுத்து, இரண்டரை முதல் ஆறு மி.மீ. வரை பருக்கும். நான் விட்ட இடைவெளி 2 மி.மீ. மட்டுமே. கதவு ஏன் உராய்ந்தது என்பது புரிகிறதல்லவா? இடைவெளியே இல்லாமல் பலகைகளை நெருக்கி அடித்தது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு

உராய்ந்த ஓரத்தை இழைப்புளியால் இழைத்தேன். 4 மி.மீ. இழைத்ததும் உராய்வு நின்றது. அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். கீழ்மூலை இன்னும் படியவில்லை. அதுவும் இதே நோயாகத்தான் இருக்கும் என்று நினைத்து மேலும் 5 மி.மீ. இழைத்தேன். மொத்தம் 9 மி.மீ. மரம் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. கீழ்மூலை ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

அப்போது எங்கள் தெருவின் முதிய தச்சர் வேறு வேலையாக வந்தவர், சுருள்களைப் பார்த்துவிட்டு நின்றார். "இழைப்புளியைக் கீழ வையுங்க சார். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா? எது கோணல்னு முதல்ல பாப்போம்" என்றார்.

கதவு நிலையில் உராய்வது ஒரு கோளாறு. நிலையோடு ஒரே தளத்தில் படியாமல் நிற்பது வேறு கோளாறு. முன்னது கதவின் அகல நீளத்தைப் பற்றியது. பின்னது கதவின் தளத்தைப் பற்றியது. ஓரத்தை எவ்வளவு இழைத்தாலும் தளம் மாறாது. நான் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டேன்.

பாக்குவெட்டிச் சோதனை

தச்சர் முதலில் கீல்களைப் பார்த்தார். கதவை ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். மூடும் நேரத்தில் கதவு வில்போல எதிர்த்துத் திரும்புகிறதா என்று கவனித்தார். அப்படித் திரும்பினால் கோளாறு பெரும்பாலும் கீல் ஓரத்தில் இருக்கும். கீலின் தகடு மரத்தில் அளவுக்கு மேல் ஆழமாகப் பதிந்திருந்தால், கதவின் விளிம்பு நிலையில் முன்னதாகவே முட்டும். திருகாணியின் தலை தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

இங்கே கதவு ஒரு பாக்குவெட்டியாகிவிடுகிறது. பாக்குவெட்டியில் ஆதாரப் புள்ளி ஒரு முனையில், பாக்கு அதன் அருகில், கை தொலைவில். கதவிலும் கீலின் முள்தான் ஆதாரப் புள்ளி. அதிலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் திருகாணித் தலை துருத்தி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை 75 செ.மீ. தூரத்தில் தள்ளுகிறது. இயந்திர லாபம் 75-ஐ 2.5-ஆல் வகுக்க 30. நீங்கள் 2 கிலோ எடை அளவு விசையோடு தள்ளினால், திருகாணித் தலையில் 60 கிலோ எடை அளவு விசை விழுகிறது. ஏறக்குறைய அதே விசை கீலின் மற்ற திருகாணிகளை மரத்திலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. ஆகவே கதவு எதிர்த்தால் ஒருபோதும் பலங்கொண்டு தள்ளாதீர்கள். அன்று கதவு மூடாது. மறுநாள் கீலும் கழன்றுவிடும். கீல் ஆழமாகப் பதிந்திருந்தால் தகட்டின் அடியில் அஞ்சலட்டைத் துண்டு ஒன்றை வைத்துத் திருகினாலே பெரும்பாலும் போதும்.

என் கதவில் கீல்கள் சரியாகவே இருந்தன. கதவு எதிர்க்கவில்லை. மேல்மூலை போய் முட்டி நின்றது, அவ்வளவுதான்.

இரண்டு நூல்கள்

அடுத்து அவர் கதவைக் கழற்றி, இரண்டு மரக்கட்டைகளின் மேல் படுக்க வைத்தார். நான்கு மூலைகளிலும் சிறு ஆணி அடித்து, எதிரெதிர் மூலைகளை இணைத்து இரண்டு நூல்களை விறைப்பாகக் கட்டினார். எல்லா ஆணிகளிலும் நூல் பலகையிலிருந்து ஒரே உயரத்தில் இருந்தது. கதவு சமதளமாக இருந்தால், இரண்டு நூல்களும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் செல்ல வேண்டும். இங்கே ஒரு நூல் மற்றதைவிட 4 மி.மீ. உயரத்தில் சென்றது. "பலகை முறுக்கிக்கிட்டு இருக்கு சார். இழைச்சா போகாது" என்றார்.

இந்தச் சோதனையில் அழகான வடிவியல் இருக்கிறது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். ஏன்? ஒரே கோட்டில் அமையாத எந்த மூன்று புள்ளிகள் வழியாகவும் ஒரு தளம் செல்லும். நான்காவது புள்ளியும் அதே தளத்தில் அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதவுக்கு நான்கு மூலைகள். மூன்று மூலைகள் நிலையில் படிந்துவிடும். பலகை முறுக்கியிருந்தால், அது நான்காவது மூலையில் வந்து வெளிப்படும்.

கதவின் மூலைகளுக்கு எண் கொடுப்போம். தாழ்ப்பாள் ஓரத்தின் மேல்மூலை 1. கீல் ஓரத்தின் மேல்மூலை 2. கீல் ஓரத்தின் கீழ்மூலை 3. தாழ்ப்பாள் ஓரத்தின் கீழ்மூலை 4. ஆக 1-ம் 3-ம் எதிரெதிர் மூலைகள். 2-ம் 4-ம் எதிரெதிர் மூலைகள். ஒரு சமதளச் செவ்வகத்தின் நடுப்புள்ளி இரு மூலைவிட்டங்களுக்கும் பொதுவானது. ஆகவே 2, 4 ஆகிய மூலைகளின் உயரங்களைக் கூட்டினாலும், 1, 3 ஆகிய மூலைகளின் உயரங்களைக் கூட்டினாலும் ஒரே விடை வர வேண்டும். அவ்விரு கூட்டுத்தொகைகளும் வேறுபட்டால், அந்த வித்தியாசமே முறுக்கின் அளவு. நூல்கள் நடுவில் காட்டுவது சராசரியை, அதாவது கூட்டுத்தொகையில் பாதியை. ஆகவே நூல்களுக்கிடையே 4 மி.மீ. என்றால் முறுக்கு அதன் இரு மடங்கு, 8 மி.மீ.

பலகை எப்படி முறுக்கிக்கொண்டது? சில மரங்களில் நார்கள் நேராக ஏறாமல், கயிற்றின் புரிபோலச் சாய்ந்து ஏறியிருக்கும். அத்தகைய பலகை ஈரம் ஏறும்போதும் இறங்கும்போதும் திருகிக்கொள்ளும். என் ஐந்து பலகைகளில் இரண்டு அப்படிப்பட்டவை. அதுமட்டுமல்ல, அவை மாட்டுக்கொட்டகைச் சுவரில் பல ஆண்டுகள் சாய்ந்து கிடந்தவை. மரத்தைச் சாய்த்து வைக்காமல், சமமாகப் படுக்கவைத்து, இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்குவது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிலையும் சாட்சி சொன்னது

"கதவை மட்டும் குத்தம் சொல்லக்கூடாது" என்று தச்சர் நிலையின் இரு கால்களிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். கீல் பக்கத்துக் கால் செங்குத்தாக இருந்தது. தாழ்ப்பாள் பக்கத்துக் கால், மேலே போகப்போக, கதவு திறக்கும் பக்கமாக 4 மி.மீ. சாய்ந்திருந்தது. அதனால்தான் கதவின் மேல்மூலை சற்று முன்னதாகவே முட்டியது.

கதவின் முறுக்கு 8 மி.மீ., நிலையின் முறுக்கு 4 மி.மீ. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்திருந்தால் கழிந்து, 4 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருக்கும். என் துரதிர்ஷ்டம், இரண்டும் கூடின. மொத்தம் 12 மி.மீ. நான்காவது மூலையில் நான் கண்ட இடைவெளியும் சரியாக அதுதான்! அளவுகோலும் நூலும் தூக்குக்குண்டும் தனித்தனியே சொன்ன சாட்சியங்கள் ஒத்துப்போனபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

நோய் கீழே, மருந்து மேலே

இனிச் சரிசெய்ய வேண்டும். நான்காவது மூலை உள்ளே துருத்துகிறது. எங்கே கை வைப்பது? கீழ்க்கீலில் என்று சொல்லத் தோன்றும். நானும் அதைத்தான் சொன்னேன். தச்சர் சிரித்துக்கொண்டே மேல்கீலைக் காட்டினார்.

நம் கணக்கைக் கொண்டு அவர் சொன்னதைச் சோதிப்போம். நிலையின் முகத்திலிருந்து கதவின் மூலை எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்போம். கதவு திறக்கும் பக்கமாக, அதாவது குளியலறைக்குள் துருத்தினால் கூட்டல் குறி. அதற்கு எதிர்ப்பக்கமாக அமுங்கினால் கழித்தல் குறி. தொடக்கத்தில் 1, 2, 3 ஆகிய மூலைகளில் பூச்சியம், நான்காவதில் 12. ஆகவே 2, 4 மூலைகளின் கூட்டுத்தொகையிலிருந்து 1, 3 மூலைகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் 12.

கதவை எப்படித் திருப்பினாலும், எப்படிச் சாய்த்து மாட்டினாலும், இந்த 12 மாறாது. கதவைச் சாய்ப்பது இரண்டு கூட்டுத்தொகைகளையும் ஒரே அளவு மாற்றுகிறது. வித்தியாசம் அப்படியே நிற்கிறது. கீலை நகர்த்தி முறுக்கை அழிக்க முடியாது. ஆனால் அதைப் பங்கிட்டுக் கொடுக்கலாம்!

இரண்டாவது மூலையை, அதாவது மேல்கீலை, 3 மி.மீ. உள்பக்கமாக நகர்த்துங்கள். மூன்றாவது மூலையை, அதாவது கீழ்க்கீலை, 3 மி.மீ. எதிர்ப்பக்கமாக நகர்த்துங்கள். முதல் மூலையில் ரீப்பரைப் பெயர்த்து, கதவு 3 மி.மீ. அமுங்க இடம் விடுங்கள். இப்போது நான்காவது மூலையின் நிலை என்ன? 2-இல் கூட்டல் 3. 1-இலும் 3-இலும் கழித்தல் 3. வித்தியாசம் 12 ஆக வேண்டுமானால் நான்காவது மூலையில் மிஞ்சுவது கூட்டல் 3 மட்டுமே. ஒரு மூலையில் உறுத்திய 12 மி.மீ., நான்கு மூலைகளுக்கும் மும்மூன்றாகப் பிரிந்துவிட்டது. மூன்று மில்லிமீட்டரைக் கண் எளிதில் கண்டுபிடிப்பதில்லை.

நான்காவது மூலை உள்ளே துருத்தினால், அதற்கு எதிர்மூலையையும் அதே பக்கம் துருத்தவிட வேண்டும். நோய் கீழ்க்கோடியில், மருந்து மேல்கோடியில்.

தாழ்ப்பாளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அது தாழ்ப்பாள் ஓரத்தில் நடு உயரத்தில் இருந்தது. முன்பு அந்த ஓரத்தின் மேல்முனை பூச்சியம், கீழ்முனை 12. ஆகவே நடுவில் 6 மி.மீ. விலகல். தாழ்ப்பாள் துளையில் விழாததன் காரணம் இதுதான். இப்போது மேல்முனை கழித்தல் 3, கீழ்முனை கூட்டல் 3. நடுவில் பூச்சியம்! தாழ்ப்பாளைத் தொடாமலேயே அது துளைக்கு நேரே வந்துவிட்டது.

ஒரு சிறு திருத்தம். கீல்கள் மூலையிலேயே இருப்பதாகக் கணக்கிட்டோம். உண்மையில் அவை மேலும் கீழும் 15 செ.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று 150 செ.மீ. இடைவெளியில் இருந்தன. ஆகவே கீலை இரண்டரை மி.மீ. நகர்த்தினாலே மூலை 3 மி.மீ. நகர்ந்துவிடும். இதை வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு நீங்களே நிறுவலாம்.

வேலை செய்யும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டரை மி.மீ. தள்ளிப் புதுத் துளை போட்டால், திருகாணி வழுக்கிப் பழைய துளைக்குள்ளேயே போய்விடும். தச்சர் பழைய துளைகளில் மூங்கில் குச்சியைப் பசை தடவி இறுக்கி, நிலையோடு சமமாக வெட்டிவிட்டார். மறுநாள் பசை காய்ந்த பிறகுதான் புதுத் துளை போட்டார். கடைசியில் கதவை மூடிவைத்துக்கொண்டு, கதவு இருக்கிறபடியே ரீப்பர்களைச் சுற்றிலும் அடித்தார். இடையில் ஓர் அஞ்சலட்டை நுழையும் இடைவெளி விட்டார். காடி எடுக்கத் தெரியாமல் நான் ரீப்பர் அடித்திருந்தது, இங்கே நல்லதாகவே முடிந்தது.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை

மேல்கீல் உள்பக்கமும் கீழ்க்கீல் எதிர்ப்பக்கமும் நகர்ந்ததால், கதவு சுழலும் அச்சு இப்போது செங்குத்தாக இல்லை. 150 செ.மீ. உயரத்தில் 5 மி.மீ. சாய்ந்திருக்கிறது. சாய்ந்த அச்சில் தொங்கும் கதவு, தன் புவியீர்ப்பு மையம் மிகத் தாழ்ந்திருக்கும் இடத்தைத் தேடும். அந்த இடம் கதவு செங்கோணத்துக்குத் திறந்திருக்கும் நிலை. மூடிய கதவை அந்தத் திசையில் தள்ளும் விசை எவ்வளவு? 24 கிலோவை 1500-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால், சுமார் 80 கிராம் எடை. கீலின் உராய்வு பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்ளும். எண்ணெய் போட்ட அன்று மட்டும், தாழிடாத கதவு மெல்ல மெல்லத் தானே திறந்துகொள்கிறது. பேய்க்கதை விரும்பும் நண்பர்களுக்கு இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்.

புதிதாகச் செய்வோருக்கு

கதவு செய்யும்போதே இவற்றைக் கவனித்தால், பிறகு திருத்த வேண்டியதில்லை.

கீல்களை ஒன்றுக்கொன்று தொலைவில் வையுங்கள். கதவின் எடை அதன் நடுவில், கீலிலிருந்து 37.5 செ.மீ. தள்ளி இறங்குகிறது. அதன் திருப்புத்திறனை மேல்கீலின் இழுவையும் கீழ்க்கீலின் உந்தலும் சேர்ந்து சமன் செய்கின்றன. கீல்களின் இடைவெளி 150 செ.மீ. என்றால் ஒவ்வொன்றிலும் கிடைத்திசை விசை 24-ஐ 37.5-ஆல் பெருக்கி 150-ஆல் வகுக்க, 6 கிலோ எடை. இடைவெளியைப் பாதியாக்கினால் அது 12 கிலோவாகும்.

குறுக்குச் சட்டங்களோடு சாய்வுச் சட்டமும் ஒன்று கொடுங்கள். நான்கு பக்க உருவம் எளிதில் சாயும், முக்கோணம் சாயாது. சாய்வுச் சட்டத்தின் அடி கீல் ஓரத்தில் கீழேயும், அதன் தலை தாழ்ப்பாள் ஓரத்தில் மேலேயும் இருக்க வேண்டும். அப்போதுதான் தொங்கப் பார்க்கும் மூலையை அது முட்டுக் கொடுத்துத் தாங்கும்.

பலகைகளிடையே ஈரத்துக்கு இடம் விடுங்கள். கோடையில் செய்தால் தாராளமாகவும், மழைக்காலத்தில் செய்தால் குறைவாகவும் விடலாம். பலகையின் இருபுறமும், வெட்டு முனைகளிலும் வண்ணம் பூசுங்கள். ஒருபுறம் மட்டும் பூசினால், ஈரம் மறுபுறம் வழியாக ஏறிப் பலகை வளைந்துவிடும்.

பழைய கதவைப் பழுதுபார்க்கும்போது வரிசை முக்கியம். முதலில் கீல், அடுத்து நிலைக்குத் தூக்குக்குண்டு, அடுத்து கதவுக்கு நூல். கடைசியாகத்தான் இழைப்புளி. திருகாணியைக் கழற்றலாம், அட்டையை எடுக்கலாம், ரீப்பரைப் பெயர்க்கலாம். இழைத்த மரம் மட்டும் திரும்பி வராது.

செய்து பாருங்கள்

பழைய நோட்டுப் புத்தகத்தின் கெட்டி அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நனைத்து, எதிர்மூலைகளைப் பிடித்து இலேசாக முறுக்கி, அப்படியே காயவிடுங்கள். காய்ந்த பின் அதை மேசை மேல் வைத்தால் ஒரு மூலை தூக்கி நிற்கும். மற்ற மூன்று மூலைகளும் மேசையைத் தொடும்படி மெல்ல அழுத்திக்கொண்டு, தூக்கிய மூலையின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் எதிர்மூலைக்கு அடியில், அந்த உயரத்தில் பாதி அளவுக்குக் காகிதங்களை மடித்து வையுங்கள். தூக்கி நின்ற மூலை பாதியாகத் தாழ்வதைக் காண்பீர்கள். மூலைகளை மாற்றி வைத்துச் சோதியுங்கள். எப்படி வைத்தாலும், எதிர்மூலைகளின் கூட்டுத்தொகைகளுக்கு இடையேயுள்ள வித்தியாசம் மாறுகிறதா என்று பாருங்கள்.

எங்கள் கதவின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கியது. முதலில் விட்ட 2 மி.மீ.யும் நான் இழைத்த 9 மி.மீ.யும் சேர்ந்து, தாழ்ப்பாள் ஓரத்தில் 11 மி.மீ. இடைவெளி தெரிந்தது. தாழ்ப்பாளின் நுனி மட்டுமே துளையைத் தொட்டது. வீணாக இழைத்த 5 மி.மீ.க்கு ஈடாக, அதே கனத்தில் ஒரு தேக்குச் சட்டத்தை ஓரம் முழுவதும் பசை போட்டு ஒட்டினேன். புது மரத்தின் நிறம் பழைய மரத்தோடு சேரவில்லை. யார் பார்த்தாலும் தெரியும். அது அப்படியே இருக்கட்டும் என்று வண்ணம் பூசாமல் விட்டுவிட்டேன்.

வாளி இப்போது குழாயடியில் இருக்கிறது.